கோட்டில் குத்திய பதக்கம்

ஹட்டனில் நான் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் என்னிடம் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அதை நான் போட்டுக்கொண்டதே இல்லை. அது படம் எடுக்க வருகிறவர்களுக்கு. ஒல்லியான ஆள் வந்தால் முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து ஊசி குத்துவேன். பருமனான ஆள் வந்தால் பொத்தான் போடாமல் கைகளை முன்னால் கோத்து வைக்கச் சொல்வேன். கூடவே ஒரு ஜோடி சப்பாத்து, வளைந்த கால் வைத்த நாற்காலி, பெண்களுக்கு ஒரு கில்ட்டுச் சங்கிலி. நேரில் எப்படி இருந்தாலும் படத்தில் ஆள் எடுப்பாக விழ வேண்டும் என்பது என் வீம்பு. அந்த வீம்புக்கு இன்னொரு குடும்பம் விலை கொடுக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. பதக்கங்களும் பழைய நோட்டுகளும் சேர்ப்பது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊரில் மூன்று பேர். ஒருவர் ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் கிளாக்கர். என்னைப் போலவே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்து மேலே வந்தவர். மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த மாஸ்டர். மாதத்தின் முதல் ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஸ்டூடியோவில் கூடுவோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புதுச்சாமான் கிடைத்தவர் அந்த ஞாயிறு வரைக்கும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கேமராவின் கறுப்புத் துணியை மேசையில் விரிப்பேன். கொண்டுவந்தவர் சாமானை அதன்மேல் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். மற்ற இருவரும் அது என்ன, யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். முழித்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். மாஸ்டர் ஒரு நாளும் முழித்ததில்லை. அவர் பையில் ஒரு பூதக்கண்ணாடியும், கோடு போட்ட கொப்பியில் அவரே எழுதி வைத்த ஒரு பட்டியலும் இருக்கும். அவர் காசில் நாங்கள் வடை சாப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது.

இளம் ராணியின் முகம் போட்ட நோட்டுகள் புதிதாக வரத் தொடங்கியிருந்த வருஷம் அது. அதில் ஒரு முதல் ஞாயிறு மாஸ்டர் மடிப்பு விழாத ஒரு ரூபாய்த் தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். என் பங்குக்கு நான் வைத்தது, முந்திய ராஜாவின் முடிசூட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு சின்னப் பதக்கம். இரண்டையும் கிளாக்கர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு கைக்குட்டையை அவிழ்த்து அவருடைய சாமானைத் துணியின்மேல் வைத்தார்.

நாடாவோடு, ஊசியோடு, முழுதாக இருந்த ஒரு ராணுவப் பதக்கம். ஒரு பக்கத்தில் ராஜாவின் தலை. ஆனால் யாரோ புண்ணியவான் அதைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராஜாவுக்கு மூக்கே இல்லாமல் ஆக்கியிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. மறுபக்கத்தில் நல்லவேளையாகக் கை வைக்கவில்லை. அதில் இந்தியாவின் வரைபடம், அதன் பெயர், 1939-45 என்ற வருஷங்கள், எல்லாம் தேயாமல் அப்படியே இருந்தன.

மாஸ்டர் கொப்பியைப் புரட்டக்கூட இல்லை. "இது சும்மா எல்லாருக்கும் குடுத்த சாமான் இல்லை. அந்த யுத்தத்துக்குள்ள, இந்தியாவுக்குள்ளயே மூண்டு வருசம் பட்டாளத்தில இருந்தவைக்குத்தான் குடுத்தவங்கள்" என்றார். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இஞ்ச பாருங்கோ, ஆரோ ஒராளின்ர பேரும் நம்பரும் கிடக்கு. வடக்கத்திச் சிப்பாய் போல" என்றார்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் காதில் அத்தனையும் விழுந்தது.

எனக்கு அந்தப் பதக்கம் வேண்டும் என்று ஆகிவிட்டது. கிளாக்கருக்கு என்னிடமிருந்த ஒரு நோட்டின்மேல் இரண்டு வருஷமாகக் கண். யுத்த காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஐந்து சத நோட்டு ஒன்று அச்சடித்தார்கள். நடுவில் வரிசையாகச் சிறு துளைகள் போட்டிருக்கும். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம். ஊரெல்லாம் கிழித்துத் தீர்த்த அந்த நோட்டில் கிழிக்காத ஒன்று என்னிடம் இருந்தது. துணியை மடிப்பதற்குள் கைமாற்றிக்கொண்டோம். கிளாக்கர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

அந்த நேரத்தில்தான் அந்தக் குடும்பம் வந்தது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். அவர் கவ்வாத்துக்காரர்; தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை. கைகள் இரண்டிலும் முழங்கை வரை கீறல். மனைவி, இரண்டு பையன்கள், ஒரு பெண் குழந்தை. முதல் பஸ்ஸில் வந்து பிள்ளைகள் வாந்தி எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

படம் எதற்கு என்று கேட்டேன். "பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கோம்ங்க. விசாரணைக்குக் கூப்புடுவாங்களாம். குடும்பத்தோட இங்கதான் இருக்கோம்னு காட்ட ஒரு படம் இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க" என்றார்.

சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வம்சம் என்று எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் போய்விட்டன. பிறகு விண்ணப்பம் போடலாம் என்றார்கள். யுத்தம் தொடங்கிய காலம் முதல் இந்த நாட்டை விட்டு அசையவில்லை, மனைவி மக்களும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். நானும் போட்டிருந்தேன், கிளாக்கரும் போட்டிருந்தார். அந்தக் கவ்வாத்துக்காரருக்கு ஒரு சிக்கல் இருந்தது. யுத்த வருஷங்களில் அவர் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தத் தோட்டம் கைமாறியபோது வேலையாட்களின் பழைய பேர்ப் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அதையும் அவரே சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, என் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டே சொன்னார்.

கேமராவுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மனைவியின் கழுத்தில் என் சங்கிலி. பிள்ளைகள் வரிசையாக. எல்லாம் சரி. கோட்டின் இடது மார்பு மட்டும் வெறிச்சென்று இருந்தது. மேசையில் புதுப் பதக்கம் கிடந்தது.

எடுத்துக்கொண்டு போய் அவர் மார்பில் குத்தினேன். மூக்கில்லாத ராஜாவைப் படத்தில் காட்ட மனம் வருமா? வரைபடப் பக்கத்தை வெளியே திருப்பிக் குத்தினேன்.

"இது நமக்கு எதுக்குங்க?" என்றார் அவர்.

"சும்மா இருங்க, எடுப்பா இருக்கும்" என்றேன்.

மனைவி தலையைத் திருப்பிப் பார்த்தார். "இவரு என்னமோ பட்டாளத்துக்குப் போயிட்டு வந்த ஆளு மாதிரில்ல இருக்காரு. கழட்டிருங்கய்யா" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மாஸ்டர்கூடச் சிரித்தார். அந்த அறையில் படித்தவர்கள் மூன்று பேர், பட்டியல் கொப்பி ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று. விஷயம் விளங்கியது அந்த அம்மாவுக்கு மட்டும். நான் அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் படத்தை எடுத்தேன்.

படம் பிரமாதமாக வந்தது. பதக்கத்திலுள்ள எழுத்தைக்கூடப் படிக்கலாம். அந்தக் கூர்மையைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பதக்கம் அலமாரிக்குள் போனது. அதன் பிறகு வேறு யாருக்கும் அதைக் குத்தவில்லை.

இரண்டு வருஷம் இருக்கும். ஒரு வாரநாள் காலையில் அவரும் மனைவியும் வந்தார்கள். கையில் அந்தப் படம், பழைய சேலைத் துணியில் சுற்றியபடி. கண்ணாடி உடைந்துவிட்டது போல, மாற்றித் தரச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"விசாரணைக்குப் போயிட்டு வந்தோம்ங்க" என்றார். "பழைய தோட்டத்து வயசான கங்காணி ஒருத்தரு எனக்காக வந்து சாட்சி சொன்னாரு. யுத்தம் நடந்த வருஷமெல்லாம் இவன் எங்கிட்டதான் கவ்வாத்து வெட்டினான்னு சொன்னாரு. அந்தப் பெரிய ஐயா தலைய ஆட்டிக்கிட்டு எழுதிக்கிட்டே இருந்தாரு. நல்லாத்தாங்க போச்சு. நான்தான் ஆசப்பட்டு இந்தப் படத்த எடுத்து மேசையில வச்சேன்."

சொல்லிவிட்டுப் படத்தைச் சுற்றியிருந்த சேலைத் துணியை அவிழ்த்தார்.

"ஒரு கண்ணாடிய வச்சுப் பாத்தாருங்க. எழுதுறத நிப்பாட்டிட்டாரு. இந்தியாவுல பட்டாளத்துல எத்தன வருஷம் இருந்தேன்னு கேட்டாரு."

படத்தைக் கையில் வாங்கினேன். இந்தியா. 1939-45. எந்த வருஷங்களுக்கு அந்த மனிதரிடம் ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லையோ, அந்த வருஷங்களை நானே அவர் நெஞ்சில் எழுதி, இந்தியாவில் இருந்தான் என்று படமும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விரோதி கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டான்.

"அது ஸ்டூடியோ ஐயாவோடதுன்னு சொன்னேங்க. சிரிச்சாங்க. இன்னொரு தேதி குடுத்திருக்காங்க. ஐயா வந்து ஒரு வார்த்த சொல்லணும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கே கழட்டச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. வழக்கம்போல மூவரும் கூடினோம். நான் துணியை விரிக்கவில்லை. படத்தை வெறும் மேசையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

கிளாக்கர் உடனே எழுந்து கதவைச் சாத்தினார். "அண்ணே, நீங்க போகாதீங்க. ஒங்க பைலும் அங்கதான் கெடக்கு. இந்த மெடல் என்னோடதுன்னு நீங்க சொன்னா, அப்ப நீங்க பட்டாளமான்னு ஒங்களயே புடிச்சுக்குவாங்க. எங்கிட்டருந்து வந்துச்சுன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிராதீங்க" என்றார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. பயம் வந்தால் மனிதன் இப்படித்தான் பேசுவான். ஆனாலும் இத்தனை வருஷம் ஒரே துணியைச் சுற்றி உட்கார்ந்த ஆள் ஒரு நிமிஷத்தில் இவ்வளவு தூரம் தள்ளிப் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாஸ்டர் படத்தை எடுத்துப் பார்த்தார். "நான் அண்டைக்கு வாசிச்சுச் சொன்னனான்தானே? நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" என்று என்னைக் கேட்டார். பிறகு, "நானும் பாத்துச் சிரிச்சனான்" என்றார். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "பதக்கத்தின்ர விளிம்பில வேற ஆளின்ர பேர் கிடக்கு. அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நான் இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தாறன்" என்றார். மூன்று பக்கம் எழுதினார். யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் அவர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை; அவருக்குப் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. பயந்த எங்கள் இருவரையும் அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை குத்திப் பேசவும் இல்லை.

குறித்த நாளில் அந்தக் குடும்பத்தோடு ரயிலேறினேன். வட்டகொடை தாண்டும்போது பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். என் சட்டைப் பைக்குள் பதக்கம் இருந்தது. என்னுடைய விண்ணப்பத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். பொய் சொல்லவில்லை, அதைத்தான் நினைத்தேன்.

நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவில் விசாரணை. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார், பக்கத்தில் நின்றவர் தமிழில் சொல்வார். நான் பதக்கத்தையும் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். அதிகாரி கடிதம் முழுவதையும் படித்தார். கண்ணாடியால் விளிம்பைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "சரி. இது அவருடைய பதக்கம் இல்லை" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று நினைத்தேன். கவ்வாத்துக்காரர் என்னைக் கும்பிட்டார்.

அதிகாரி படத்தைக் கீழே வைக்கவில்லை. "இந்தக் கோட்டு யாருடையது?" என்றார்.

"என்னுடையது."

"சப்பாத்து?"

"என்னுடையது."

"அம்மா கழுத்தில் இருக்கும் சங்கிலி?"

அதுவும் என்னுடையது என்றேன். நாற்காலி, பின்னால் தொங்கும் மாளிகைத் திரை, எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். உண்மையைச் சொல்ல வந்தவன், உண்மையையே சொன்னேன். நிறுத்த வழி தெரியவில்லை.

அவர் ஏதோ சொன்னார். அறையிலிருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். எனக்கு ஆங்கிலம் விளங்கும். இருந்தாலும் நான் சரியாகக் கேட்கவில்லை என்று நம்ப விரும்பினேன். பக்கத்தில் நின்றவர் அதைத் தமிழில் சொன்னார்:

"கோட்டு எரவல், சப்பாத்து எரவல், சங்கிலி எரவல். அப்ப இந்தப் பொம்பளையும் புள்ளைங்களும் எங்கருந்து எரவல் வாங்குனதுன்னு கேக்குறாரு."

இப்படியும் ஒரு கேள்வி இருக்க முடியும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. கவ்வாத்துக்காரர் தரையைப் பார்த்தார். பெண் குழந்தை எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தது.

அந்த அம்மாதான் பேசினார். "எரவல் புள்ளைக்கு எவளுங்க மூணு வேளையும் ஆக்கிப் போட்டு வளப்பா? மூணு பேரும் இந்த மலையில பொறந்ததுங்க. பேறுகாலம் முடிஞ்சு பச்ச ஒடம்போட கொழுந்து பறிக்கப் போனவ நான். இத அப்படியே சொல்லுங்க அவருகிட்ட" என்றார்.

பக்கத்தில் நின்றவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லவில்லை. "இவர்கள் தங்கள் பிள்ளைகள் என்கிறார்" என்று ஒரு வரியில் முடித்தார். நான் ஆங்கிலம் தெரிந்தவன், அங்கேயே நின்றவன். அந்த அம்மா சொன்னது முழுவதையும் நான் சொல்லியிருக்கலாம். என் விண்ணப்பம் அந்தக் கட்டிடத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது என்ற நினைப்பு என் நாக்கைக் கட்டிப்போட்டது.

அதிகாரி கோப்பை மூடினார். இந்தப் படம் எதையும் காட்டவில்லை என்றார். இப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் கூட்டிவந்த சாட்சியை மட்டும் எப்படி நம்புவது என்றும் கேட்டார். கங்காணி சொன்னதாக அன்றைக்கு எழுதிய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவர் பேனா தாளில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது.

அந்தப் பதக்கத்தை மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கி என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் முதல் ஞாயிறுகளில் கூடவில்லை. கிளாக்கரைத் தெருவில் கண்டால் மழையைப் பற்றிப் பேசுவோம்.

மழைக்காலம் முடிகிற சமயம் கவ்வாத்துக்காரர் வந்தார். கையில் ஒட்டுப் பிரிக்காத நீளமான உறை. "இங்கிலீசுல இருக்கும். தோட்டத்து ஆபீஸ்ல குடுத்துப் படிக்கக் கூச்சமா இருந்துச்சுங்க. ஐயாவே படிச்சுச் சொல்லுங்க" என்றார். மனைவி உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்கம் கடை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டேன். வரவில்லை.

பிரித்துப் படித்தேன். மூன்று வரிதான். குறிப்பிட்ட வருஷங்களில் விண்ணப்பதாரர் இலங்கையில் வசித்ததற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. சமர்ப்பித்த சான்றுகள் நம்பத் தகுந்தவை அல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடுதாசியை வாங்கி, மடிப்புப் பிசகாமல் மடித்து, உறைக்குள் போட்டார்.

"ஐயாவும் எழுதிப் போட்டிருந்தீங்கன்னு சொன்னாங்களே. ஒங்களுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

என்னுடையது பத்து நாட்களுக்கு முன்பே வந்திருந்தது. ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூடச் சான்று, கடைப் பத்திரம் என்று எனக்குத் தாளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த மனிதரிடம் அதற்கு மேலும் ஒரு பொய்யைக் காட்ட முடியவில்லை.

"கெடச்சிருச்சு" என்றேன்.

"நல்லதுங்கய்யா" என்றார். மனதாரத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். என்ன எழுதியிருக்கிறது என்று மனைவி கேட்பதும், அவர் என் கடையைக் காட்டி ஏதோ சொல்வதும் தெரிந்தது. அந்த அம்மா கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.